அவுட்புட் வரலைன்னா மார்க் இல்லையா?

எங்க டிபார்ட்மெண்டில் எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு. ரெக்கார்டு நோட்டில் எந்த எக்ஸ்பெரிமெண்டாக இருந்தாலும் கடைசி வரி ஒன்றுதான். "தஸ் தி புரோகிராம் வாஸ் எக்ஸிக்யூட்டட் அண்ட் தி அவுட்புட் வாஸ் வெரிஃபைட்." புரோகிராமே இல்லாத எக்ஸ்பெரிமெண்டுக்கும் இதே வரிதான். நெட்வொர்க் கேபிளை கிரிம்ப் பண்ணியதற்குக்கூட நான் இதைத்தான் எழுதினேன், சாரும் சிவப்பு மையில் டிக் அடித்துக் கொடுத்தார். நாலு வருஷத்தில் ஒரு தடவைகூட "எக்ஸிக்யூட் ஆகவில்லை, காரணம் இது" என்று யாரும் ரெக்கார்டில் எழுதி நான் பார்த்ததில்லை.

இந்தப் பதிவு அந்த ஒரு வரியைப் பற்றித்தான். ஆனால் அதற்கு நெட்வொர்க் பூட் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கம்ப்யூட்டர் சயின்ஸ் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர்களும் பயப்படாமல் வாருங்கள், ஹாஸ்டலில் ஒரு நாளாவது இருந்திருந்தால் புரியும்.

எங்கள் லேபில் ஆறாவது எக்ஸ்பெரிமெண்ட் இது. வர்ச்சுவல்பாக்ஸில் இரண்டு வர்ச்சுவல் மெஷின். ஒன்றில் லினக்ஸ் சர்வர். இன்னொன்று சுத்தமான காலி மெஷின். ஹார்ட் டிஸ்க்கில் ஒரு எழுத்து கிடையாது, சிடி கிடையாது, பென் டிரைவ் கிடையாது. அந்தக் காலி மெஷின் நெட்வொர்க் வழியாகவே எழுந்து, சர்வரிடமிருந்து ஃபைலை வாங்கி, ஆபரேட்டிங் சிஸ்டம் இன்ஸ்டாலை ஆரம்பிக்க வேண்டும். இதற்கு இன்டெல் வகுத்த முறைக்குப் பெயர் பிஎக்ஸ்இ. எல்லாரும் செல்லமாக "பிக்ஸி" என்கிறார்கள். அதன் 2.1 பதிப்பு 1999 செப்டம்பரில் வந்தது. அதாவது இந்தப் பதிவைப் படிக்கும் ஜூனியர்கள் பலர் பிறப்பதற்கு முன்னாடியே.

இதை நான் ஹாஸ்டல் கணக்கில்தான் புரிந்துகொண்டேன். ஃபர்ஸ்ட் இயர் பையன் ஒருத்தன் பெட்டியோடு ஹாஸ்டல் கேட்டில் வந்து இறங்குகிறான். அவனுக்கு யாரையும் தெரியாது. வார்டன் யாரென்றும் தெரியாது. அதனால் பொதுவாகக் கத்துகிறான், "யாராவது எனக்கு ஒரு ரூம் கொடுங்கப்பா!" இதுதான் டிஹெச்சிபி டிஸ்கவர். வார்டன் "உனக்கு 15ஆம் நம்பர் ரூம்" என்கிறார். இது ஆஃபர். "சரி சார், அதையே எடுத்துக்கறேன்" என்பது ரிக்வெஸ்ட். "போ, எடுத்துக்கோ" என்பது அக்னாலெட்ஜ்மெண்ட். சாதாரண மெஷினுக்கு இதோடு கதை முடிந்தது. ஆனால் நெட்வொர்க்கில் பூட் ஆகிற மெஷினுக்குப் பசி வேறு. ரூம் மட்டும் பத்தாது. மெஸ் எங்கே இருக்கு, அங்கே போய் என்ன பேர் சொல்லிக் கேட்கணும் என்கிற இரண்டு விவரமும் வேண்டும். மெஸ் என்பது டிஎஃப்டிபி சர்வர். கேட்க வேண்டிய பெயர் பூட் ஃபைலின் பெயர்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இது தோற்றுப்போனால் கருப்புத் திரையில் ஒரு குறியீடு வரும். எங்க கிளாஸில் அந்தக் குறியீட்டை யாரும் படிப்பதில்லை. "பூட் ஆகலை சார்" என்று ஒரே பாட்டு. ஆனால் அந்தப் பையன் எந்த இடம்வரை போனான், எங்கே நின்றான் என்பதைக் குறியீடு அப்படியே சொல்லிவிடுகிறது. ஈ-61 என்றால் கேபிளே சொருகவில்லை, பையன் ஹாஸ்டல் பக்கமே வரவில்லை. ஈ-51 என்றால் கேட்டில் நின்று கத்தினான், யாரும் பதில் சொல்லவில்லை. ஈ-53 என்றால் ரூம் தர ஆள் கிடைத்தது, ஆனால் மெஸ்ஸில் என்ன கேட்கணும்னு யாரும் சொல்லவில்லை. ஈ-32 என்றால் மெஸ் கதவைத் தட்டினான், யாரும் திறக்கவில்லை. டி-01 என்றால் கதவைத் திறந்தார்கள், "நீ கேட்ட அயிட்டம் இங்கே இல்லை" என்று சொல்லிவிட்டார்கள்.

யோசித்துப் பாருங்கள். ஈ-51இல் நின்ற மெஷினும் டி-01இல் நின்ற மெஷினும் ஒன்றா? இரண்டாவது முக்கால்வாசி தூரம் வந்துவிட்டது. எங்க மார்க் ஷீட்டில் இரண்டுக்கும் ஒரே முட்டை.

எனக்கு ஒரு லேப் பார்ட்னர் இருக்கிறான். (பேர் போட்டால் உதைப்பான், அதனால் பார்ட்னர் என்றே வைத்துக்கொள்வோம்.) இந்த எக்ஸ்பெரிமெண்டில் நாங்கள் வாங்கிய பல்புகளை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் நாள் ஈ-53. நான் வழக்கம்போல "மச்சி, சர்வரைத் தூக்கிட்டு மறுபடி இன்ஸ்டால் பண்ணிடலாம்டா" என்றேன். எங்கள் பரம்பரை வைத்தியம் அது. எது வந்தாலும் ரீஇன்ஸ்டால். பார்ட்னர் கேட்கவில்லை. சர்வரின் லாகைத் திறந்து பார்த்தான். அதில் ஒரு வரிகூட இல்லை. "டேய், நம்ம சர்வர்கிட்ட யாரும் எதுவுமே கேட்கலைடா. அப்புறம் ரூம் கொடுத்தது யாரு?" என்றான். அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

ரூம் கொடுத்தது வர்ச்சுவல்பாக்ஸேதான். புதிதாக ஒரு வர்ச்சுவல் மெஷின் செய்தால் அதன் நெட்வொர்க் கார்டு 'நாட்' என்கிற முறையில்தான் பிறக்கும். அந்த முறையில் ஒவ்வொரு மெஷினும் தனித்தனி சுவருக்குள். இரண்டு மெஷினுக்கும் 10.0.2.15 என்கிற ஒரே ஐபிகூடக் கிடைக்கும், ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவே முடியாது. பக்கத்து பக்கத்து ஜன்னலில் ஓடுகிறதே, ஒரே கம்ப்யூட்டரில்தானே இருக்கிறது என்று நாம் நினைப்போம். கண்ணுக்குப் பக்கம் என்பதும் வயருக்குப் பக்கம் என்பதும் வேறு வேறு. நிஜ மெஷின் என்றால் கேபிளைக் கையால் பிடித்துப் பார்த்து எங்கே போகிறது என்று கண்டுபிடித்துவிடலாம். வர்ச்சுவல் மெஷினில் கேபிள் என்பதே ஒரு செட்டிங்தான். அதனால் அங்கே முதல் சந்தேகம் சர்வர் மேல் வரக்கூடாது, வயர் மேல் வர வேண்டும்.

இரண்டு மெஷினையும் ஹோஸ்ட்-ஒன்லி முறைக்கு மாற்றினோம். ஒரே வயரில் வந்தாச்சு. அப்பவும் ஈ-53! ஆனால் இந்த முறை ஒரு வினோதம். மூன்று தடவையில் ஒரு தடவை பூட் ஃபைல் பெயர் வருகிறது, இரண்டு தடவை வரவில்லை. நான் "இது ஏதோ பேய்டா" என்று கேன்டீனுக்குக் கிளம்பிவிட்டேன். திரும்பி வரும்போது பார்ட்னர் டிசிபிடம்ப் ஓடவிட்டுப் பாக்கெட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். டிஸ்கவர் ஒன்று போகிறது, ஆஃபர் இரண்டு வருகிறது. ஒன்று எங்கள் சர்வரிடமிருந்து. இன்னொன்று 192.168.56.100 என்கிற முகவரியிலிருந்து. ஹோஸ்ட்-ஒன்லி வலையில் வர்ச்சுவல்பாக்ஸே தன் பங்குக்கு ஒரு டிஹெச்சிபி சர்வரை வைத்திருக்கிறது. ஒரே கேட்டில் இரண்டு வார்டன்! எங்க வார்டனுக்கு மெஸ் தெரியும். அவருக்கு ரூம் மட்டும்தான் தெரியும். யார் முந்திக்கொண்டு பதில் சொன்னாரோ அவர் பேச்சு எடுபட்டது. அந்த இரண்டாவது வார்டனை அணைத்தோம். அணைத்துவிட்டு மெஷின்களை முழுக்க மூடித் திறக்கணும் என்று தெரியாமல் இன்னும் அரை மணி நேரம் வீண் என்பது தனிக்கதை.

அப்புறம் ஈ-32. இதில் என்னை ஏமாற்றியது பிங். சர்வரை பிங் பண்ணினால் அழகாகப் பதில் வருகிறது. "கனெக்ஷன் எல்லாம் ஓகே மச்சி" என்று நான் சர்டிஃபிகேட் கொடுத்தேன். பிங் போகிறது என்றால் ஐசிஎம்பி போகிறது என்று மட்டும்தான் அர்த்தம். டிஎஃப்டிபி ஓடுவது யூடிபி 69இல். ஃபயர்வாலில் டிஹெச்சிபிக்காக 67ஐத் திறந்திருந்தோம், 69ஐத் திறக்கவில்லை. அவ்வளவுதான். (நடுவில் நாட்டோ இன்னொரு ஃபயர்வாலோ இருந்தால் இதில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. 69க்குக் கேள்வி போனாலும் பதில் வேறொரு புது போர்ட்டிலிருந்துதான் வரும். முன்வாசலில் பேர் கொடுத்துவிட்டுப் பின்வாசலில் சாப்பாடு வாங்குகிற மாதிரி. முன்வாசலை மட்டும் தெரிந்த வாட்ச்மேன் பின்வாசல் ஆளைத் துரத்திவிடுவான்.)

அடுத்தது டி-01. ஃபைல் இல்லை. கண்ணுக்கு நேராக டைரக்டரியில் இருக்கிறது, இல்லை என்கிறது. இதற்கு ஒரு மணி நேரம். பிக்ஸிலினக்ஸ் ஃபைலின் பெயர் ஒரு புள்ளி வைத்து பூஜ்யத்தில் முடியும். கான்ஃபிகரேஷனில் நான் பூஜ்யத்துக்குப் பதில் ஆங்கில எழுத்து ஓவை அடித்து வைத்திருந்தேன். பார்ட்னர் திட்டிய திட்டை இங்கே போட முடியாது :-)

அதைத் திருத்தினால் "எல்டிலினக்ஸ்" என்று ஒரு ஃபைலை லோட் பண்ண முடியவில்லை என்றது. சிஸ்லினக்ஸ் 5ஆம் பதிப்பிலிருந்து அந்த ஃபைலும் கூடவே இருக்க வேண்டும். பழைய பாடக்குறிப்பைப் பார்த்துச் செய்கிறவர்கள் எல்லாரும் இங்கே ஒரு தடவை விழுவார்கள். எங்க லேப் மேனுவலிலும் அது இல்லை.

இதற்குள் இரண்டு வாரம் ஓடி, மாடல் பிராக்டிகல் வந்துவிட்டது. எனக்கும் அவனுக்கும் ஒரே கேள்வி விழுந்தது. ஆறாவது எக்ஸ்பெரிமெண்ட்.

அவன் மெஷின் எல்லாப் படியும் தாண்டியது. பூட் ஆனது, மெனு வந்தது, கெர்னல் ஏறியது. இன்ஸ்டாலர் வர வேண்டிய இடத்தில் "நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்" என்று நின்றுவிட்டது. இடம் இல்லையாம். அவன் 8 ஜிபி டிஸ்க்கை 20 ஜிபி ஆக்கினான். அதே பிழை. மூன்று மணி நேரம் முடிந்துவிட்டது. வெளியே வந்த பத்தாவது நிமிஷம் மரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது அவனுக்குப் பிடிபட்டது. நெட்வொர்க்கில் எழுந்த மெஷின் அந்த நேரத்தில் டிஸ்க்கைத் தொடவே இல்லை. வருகிற எல்லாம் ரேமில்தான் உட்காருகிறது. அவன் கொடுத்திருந்தது 512 எம்பி. நிறைந்துபோனது டிஸ்க் இல்லை, ரேம். அன்று சாயங்காலம் 2 ஜிபி கொடுத்துப் பார்த்தான். இன்ஸ்டாலர் வந்து நின்றது.

ஆனால் பரிட்சை முடிந்துவிட்டதே. அவன் பேப்பரில் அவுட்புட் இல்லை. எந்தெந்தப் பிழை வந்தது, ஒவ்வொன்றுக்கும் காரணம் என்ன, எப்படிக் கண்டுபிடித்தான், எங்கே நிற்கிறான் என்று இரண்டு பக்கம் எழுதியிருந்தான். அதன் மேல் குறுக்குக் கோடு. 20க்கு 6.

எனக்கு 18.

இதை எப்படிச் சொல்வது என்று மூன்று நாளாக யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். என் மெஷின் அன்றைக்கு ஈ-53ஐத் தாண்டவே இல்லை. பதற்றத்தில் எந்த செட்டிங்கை விட்டேனோ தெரியாது. போன வருஷ சீனியர் ஒருத்தர் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட் என்னிடம் இருந்தது. அதைப் பிரிண்ட் எடுத்து இணைத்துவிட்டேன். கடைசியில் அந்தப் பிரசித்தி பெற்ற வரியையும் எழுதினேன். வெரிஃபைட்!

அந்த ஸ்கிரீன்ஷாட்டை யாராவது ஒரு விநாடி நிதானமாகப் பார்த்திருந்தால் நான் மாட்டியிருப்பேன். பூட் ஆகும்போது மெஷினின் மேக் முகவரி திரையில் வரும். வர்ச்சுவல்பாக்ஸ் மெஷின் என்றால் அது 08-00-27 என்று தொடங்கும். என் பிரிண்டில் இருந்ததோ 00-0சி-29. அது விஎம்வேருக்கு உரியது. எங்கள் லேபில் விஎம்வேரே கிடையாது. ஐபியும் எங்கள் வலையைச் சேர்ந்ததில்லை. ஒரு பொய் தன் நெற்றியில் "நான் பொய்" என்று எழுதி ஒட்டிக்கொண்டு போனது, அதற்கு 18 மார்க்.

நான் லேப் சாரைக் குறை சொல்லவில்லை. ஒரு செஷனில் நாற்பது பேர், மூன்று மணி நேரம், நடுவில் வைவா வேறு. வந்ததா வரலையா என்று பார்க்கத்தான் அவருக்கு நேரம் இருக்கும். மார்க் ஷீட்டே அப்படித்தான் அச்சடித்திருக்கிறது. எய்ம், ப்ரொசீஜர், அவுட்புட், வைவா, ரெக்கார்டு. இதில் பிழையைக் கண்டுபிடித்தவனுக்கு எந்தக் கட்டம்? எதுவும் இல்லை. அப்படி ஒரு ஷீட்டைக் கையில் கொடுத்தால் என்னை மாதிரி ஆட்கள்தான் தயாராவார்கள்.

என் கருத்து இதுதான். நெட்வொர்க் லேபில் 20 மார்க்குக்கு 5 மார்க்காவது பிழை கண்டுபிடிப்பதற்கு ஒதுக்க வேண்டும். அவுட்புட் வராதவனுக்கு இரக்கப்பட்டுப் போடுகிற மார்க் இல்லை நான் கேட்பது. வேண்டுமென்றே உடைத்த ஒரு மெஷினைக் கொடுத்து, "இது ஏன் எழவில்லை, கண்டுபிடி" என்று கேட்க வேண்டும்.

இதைக் கிளாஸில் சொன்னபோது உடனே கிடைத்த பதில், "அப்போ எல்லாரும் வராமலே விட்டுட்டு ரெண்டு பக்கம் கதை எழுதிடுவாங்களே" என்பது. அப்படியா? அவுட்புட்டைத் திருடுவது எவ்வளவு சுலபம் என்று மேலே சொல்லியிருக்கிறேன். அனுபவஸ்தன் பேசுகிறேன், நம்புங்கள். ஆனால் பிழையைத் திருட முடியாது. "இரண்டு ஆஃபர் வந்தது, இரண்டாவது இந்த முகவரியிலிருந்து வந்தது, அதில் ஃபைல் பெயர் இல்லை, அதை அணைத்ததும் பூட் ஆனது" என்று எழுத வேண்டுமானால் பார்த்திருக்க வேண்டும். பாக்கெட்டைக் காட்டு என்றால் காட்ட வேண்டும். வர்ச்சுவல்பாக்ஸிலேயே ஒரு மெஷினின் கார்டு வழியாகப் போகிற வருகிற எல்லாவற்றையும் ஃபைலாகப் பதிகிற வசதி இருக்கிறது, பெயர் நிக்ட்ரேஸ். அந்த ஃபைலை வயர்ஷார்க்கில் திறந்து நாலு கேள்வி கேட்டால் யார் செய்தான், யார் செய்யவில்லை என்பது தெரிந்துபோகும்.

இன்னொரு பதில், "நாற்பது பேருக்கு நாற்பது உடைந்த மெஷின் யார் தயார் பண்ணுவது" என்பது. நிஜ மெஷின் என்றால் நியாயமான கேள்வி. ஆனால் நம்மிடம் இருப்பது வர்ச்சுவல் மெஷின்! ஸ்னாப்ஷாட் என்று ஒன்று இருக்கிறதே. ஒரு மெஷினை உடைத்து ஸ்னாப்ஷாட் எடுத்து நாற்பது இடத்தில் போட்டுவிட்டால் முடிந்தது. பரிட்சை முடிந்ததும் ஒரு கிளிக்கில் பழைய நிலைக்கு வந்துவிடும். கேபிள் கனெக்டட் என்கிற டிக்கை எடுத்துவிட்டால் ஈ-61 தயார். ஃபயர்வாலில் 69ஐ மூடினால் ஈ-32 தயார். ஃபைலின் பெயரில் ஒரு எழுத்தை மாற்றினால் டி-01. ஐந்து நிமிஷத்தில் ஐந்து கேள்வித்தாள். வர்ச்சுவல் மெஷின் படிப்புக்குக் கொடுத்த பெரிய வரமே பயமில்லாமல் உடைக்கலாம் என்பதுதான். நாம் அதையும் சிடி போட்டு இன்ஸ்டால் பண்ணும் பெட்டி மாதிரியே நடத்திக்கொண்டிருக்கிறோம்.

எர்ரர் மெசேஜை கூகுளில் போட்டுத் தேடி, வழி தவறி இங்கே வந்து விழுந்தவர்களை வெறும் கையோடு அனுப்பக்கூடாது. பார்ட்னரின் நோட்டிலிருந்து சில விஷயம் சொல்கிறேன். வர்ச்சுவல்பாக்ஸில் பூட் ஆர்டரில் நெட்வொர்க்குக்கு டிக் தானாக இருக்காது, நாம்தான் போட வேண்டும். ஹைப்பர்-வியில் முதல் தலைமுறை மெஷின் என்றால் லெகஸி நெட்வொர்க் அடாப்டர் சேர்த்தால்தான் நெட்வொர்க் பூட் நடக்கும், சாதாரண அடாப்டரில் எத்தனை தடவை தட்டினாலும் நடக்காது. இரண்டாம் தலைமுறை என்றால் அது யூஇஎஃப்ஐ, செக்யூர் பூட்டும் போட்டே வரும். பயாஸ் மெஷினுக்கு உரிய பூட் ஃபைலை யூஇஎஃப்ஐ மெஷினுக்குக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளும், ஓடாது. மெஷின் தான் எந்த வகை என்பதை டிஹெச்சிபி கேள்வியிலேயே 93ஆம் ஆப்ஷனில் சொல்லிவிடுகிறது. சர்வர்தான் அதைப் படித்து அதற்கேற்ற ஃபைலைக் கொடுக்க வேண்டும். ஒரு மெஷினைக் குளோன் செய்யும்போது மேக் முகவரியையும் அப்படியே நகலெடுத்துவிட்டால் இரண்டு மெஷினும் ஒரே ஆள் என்று சர்வர் நினைத்துக்கொள்ளும். அதற்கப்புறம் நடப்பதெல்லாம் கூத்து.

ஒன்று மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். லேப்டாப்பை வைத்து ஹாஸ்டல் வைஃபையில் பிரிட்ஜ் முறையில் இதைச் செய்து பார்க்காதீர்கள். வைஃபையில் ஒரு கார்டு தன் மேக் முகவரியில்தான் பேச முடியும், உள்ளே இருக்கும் வர்ச்சுவல் மெஷினின் முகவரியை மாற்றி எழுதித்தான் அனுப்ப வேண்டியிருக்கும். அதனால் சாதாரண இன்டர்நெட் ஓடினாலும் இந்த மாதிரி வேலை தகராறு பண்ணும். அது உங்கள் நஷ்டம், போகட்டும். வயரில் பிரிட்ஜ் செய்தால் ஊரார் நஷ்டம். உங்கள் சர்வர் மெஷின் மொத்த ஹாஸ்டலுக்கும் மூன்றாவது வார்டனாக நின்று ரூம் கொடுக்க ஆரம்பித்துவிடும். கேட்கிறவனுக்கெல்லாம் தப்பான ஐபி, பாதிப் பேருக்கு நெட் கட். நான் ஒருநாள் ராத்திரி அதைச் செய்யப் போனபோது பார்ட்னர் ஓடிவந்து கேபிளைப் பிடுங்கினான்.

மார்க் வந்த அன்று இருவரும் லேப் சாரிடம் போனோம். பார்ட்னர் ஒன்றும் கேட்கவில்லை, நான்தான் கேட்டேன். "அவன் காரணமெல்லாம் எழுதியிருக்கான் சார்." அவர் பேப்பரைப் புரட்டிப் பார்த்தார். "நல்லாத்தான்பா எழுதியிருக்கான். ஆனா ரிசல்ட் காலம்ல நான் என்ன போடறது?" என்றார். உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார். எனக்கும் பதில் தெரியவில்லை. அந்த நிமிஷத்தில் என் பிரிண்டைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து அவரே பார்ட்னரைக் கூப்பிட்டு அனுப்பினார். ஃபர்ஸ்ட் இயர் லேபில் பன்னிரண்டு மெஷினை நெட்வொர்க் வழியாக இன்ஸ்டால் பண்ண வேண்டுமாம். நிஜ மெஷின்கள். அஞ்சு மெஷின் எழுகிறது, ஏழு மெஷின் ஈ-53. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் எழுந்தது படுக்கிறது, படுத்தது எழுகிறது. "தம்பி, நீ பேப்பர்ல இதைப் பத்தி ஏதோ எழுதியிருந்தியே..." என்றார். நானும் கூடப் போனேன்.

பார்ட்னர் லேப்டாப்பைச் சுவிட்சில் சொருகி வயர்ஷார்க்கைத் திறந்தான். ஒரு மெஷினை ஆன் பண்ணச் சொன்னான். ஒரு டிஸ்கவர், இரண்டு ஆஃபர். ஒன்று லேப் சர்வர். இன்னொன்று 192.168.0.1, ஃபைல் பெயர் இல்லை. சுவிட்சிலிருந்து ஒவ்வொரு கேபிளாகப் பிடுங்கிக்கொண்டே வந்தோம். பதினான்காவது கேபிளைப் பிடுங்கியதும் இரண்டாவது ஆஃபர் நின்றது. அந்தக் கேபிளைப் பிடித்துக்கொண்டே போனால் சுவருக்கு அந்தப் பக்கம், ஸ்டாஃப் ரூம் பீரோவுக்குப் பின்னால் தூசியோடு ஒரு சின்ன வைஃபை ரவுட்டர், லான் போர்ட்டில் சொருகியபடி. யார் வைத்தது என்று நாங்கள் கேட்கவில்லை. சாரே கொஞ்ச நேரம் அதைப் பார்த்துவிட்டு, "ரூம்ல சிக்னல் கிடைக்கலைன்னு போன செமஸ்டர்ல நான்தான்பா மாட்டினேன்" என்றார். பன்னிரண்டு மெஷினும் எழுந்தன. டீ வாங்கிக் கொடுத்தார். பார்ட்னரின் மார்க் இன்னும் ஆறுதான், இன்டர்னல் போர்ட்டலில் ஏற்றியாகிவிட்டது.

நாளைக்கு ரெக்கார்டு சப்மிஷன். ஆறாவது எக்ஸ்பெரிமெண்டில் நான் ஒட்டியிருப்பதும் அதே 00-0சி-29 பிரிண்ட்தான். இப்போதுதான் அந்தப் பக்கத்தைப் பிரித்து எடுத்தேன். பார்ட்னர் இரவல் கொடுத்த நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, என் மெஷினை மறுபடி ஓடவிட்டிருக்கிறேன். ஈ-53 வருகிறது. லாகில் ஒரு வரியும் இல்லை. ரிசல்ட் என்கிற தலைப்பை எழுதி, அதற்குக் கீழே நாலு வரிக்கு இடம் விட்டிருக்கிறேன்.